தோணி சுமக்கும் வழி

பிரெஞ்சு மொழியில் 'சுமத்தல்' எனப் பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் 'போர்ட்டேஜ்'. ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு நீர்வழி இல்லாதவிடத்துத் தோணியைக் கரையேற்றித் தோளில் வைத்து, காட்டினூடே நடந்து, அடுத்த ஏரியில் இறக்கிவிடுகிறார்கள். அச்செயலுக்கும் அதுவே பெயர். அந்த ஒற்றையடிப் பாதைக்கும் அதுவே பெயர். நாம் அறிந்தவரை தமிழில் இதற்கென ஒரு சொல் வழங்கவில்லை. நம் முன்னோர் கடலோடிகள். கடலோ ஒன்றாகவே விரிந்து கிடப்பது. கலத்தைச் சுமந்துகொண்டு காடு கடக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை. ஆகவே 'சுமைவழி' என்று நாமே ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டு மேலே எழுதுகிறோம், புலவர்கள் பொறுத்தருள்க.

மதரஸாவில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருப்பவருக்குச் சுமைவழியோடு என்ன உறவு என வாசகர் வினவலாம். அல்லாஹ் நாடினால் வருகிற ஆகஸ்டு மாதக் கடைசியில், கனடா நாட்டு ஒண்டாரியோ மாநிலத்திலுள்ள அல்கொன்கின் பூங்காவில் நான்கு பகலும் மூன்று இரவும் தோணிப் பயணம் செல்ல இருக்கிறோம். பூங்கா என்றதும் ஊஞ்சலும் பூச்செடியும் நினைவுக்கு வரவேண்டா. 1893-ஆம் ஆண்டு காப்பிடமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு ஏழாயிரத்து அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அதனுள் இரண்டாயிரத்து நானூறுக்கும் அதிகமான ஏரிகள். தென்பகுதியில் 60-ஆம் எண் நெடுஞ்சாலை 56 கிலோமீட்டர் தூரம் ஊடறுத்துச் செல்கிறது. அதை விட்டு உள்ளே போக விரும்புவோருக்குத் துடுப்பும் காலுமே பெரும்பாலும் வாகனம்.

நம்மை அழைத்தவர் நம் தம்பியின் மகன். தம்பி இருபது ஆண்டுகளுக்கு முன் டொராண்டோ சென்று, ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்து, வீடு வாங்கி, மக்களைப் படிக்க வைத்தவர். மூத்த மகன் பொறியியல் படிப்பை ஓராண்டிலேயே நிறுத்திவிட்டு, கோடைகாலத்தில் தோணிகளை வாடகைக்கு விடும் ஒரு கடையில் சேர்ந்து, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் தொழிலைக் கற்றுக்கொண்டான். இனி வனவியல் படிக்கப் போகிறானாம். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாக வாப்பாவும் மகனும் நேரே பேசிக்கொள்வதில்லை. "சாப்பிட வரச் சொல்" என்பதுகூடத் தாயின் வாய்வழியாகவே போகிறது. இந்நிலையில்தான் அவன் தொலைபேசியில் தன் தடுமாறும் தமிழில், "பெரிய வாப்பா, நீங்க வந்தா வாப்பாவும் வருவாங்க" என்றான். இதற்கு மறுமொழி கூற நமக்கு ஏடு புரட்ட வேண்டியிருக்கவில்லை.

அங்கே காட்டுக்குள் தங்குவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே இணையவழியில் இடம் பதியவேண்டும். தனித்தனி முகாம் இடத்தைப் பதிவதில்லை. எந்த ஏரியில் எந்த இரவு என்று மட்டுமே பதிகிறார்கள். ஏரியை அடைந்தபின், கரையோர மரங்களில் ஆரஞ்சு நிறப் பலகை அறைந்த இடங்களுள் காலியாக இருப்பது எதுவோ அதில் கூடாரம் அடிக்கலாம். ஓரிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கலாகாது. சுமைவழி தொடங்குமிடத்தில் மஞ்சள் பலகை இருக்கும். பூங்காவின் வரைபடத்தில் ஒவ்வொரு சுமைவழிக்கும் நேரே அதன் நீளம் மீட்டரில் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வரைபடத்தை அவன் நமக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தான். கிதாபுப் பலகையின்மீது விரித்து வைத்து, ஹாஷியா படிப்பவரைப்போல் ஓரங்களிலுள்ள பொடி எழுத்துகளை எல்லாம் படித்தோம்.

அவன் வகுத்த வழி இது: நெடுஞ்சாலையை ஒட்டிய ஸ்மோக் ஏரியில் இறங்குவது, அதன் தென்கோடிவரை துடுப்புப் போட்டு, 240 மீட்டர் சுமைவழியால் ராகெட் ஏரியை அடைந்து முதல் இரவு தங்குவது, மறுநாள் 590 மீட்டர் சுமைவழியால் பெரிய முள்ளம்பன்றி ஏரிக்கு ஏறி, அங்கே இரண்டு இரவு தங்கி, வந்த வழியே திரும்புவது. அந்த 590 மீட்டர் செங்குத்தான ஏற்றம். அதற்கு அவ்வூரார் இட்ட பெயர் 'ஷைத்தானின் படிக்கட்டு'. "வேறு வழி இல்லையா?" என்று கேட்டோம். "இருக்கு, ஆனா இதுதான் கிட்ட" என்றான். ஷைத்தானின் வழி எப்பொழுதும் குறுக்கு வழிதான் போலும்.

கணக்கைக் கேளுங்கள். சாமான் முழுவதையும் ஒரே நடையில் கொண்டுபோக இயலாதெனின் இரண்டு நடை வேண்டும். இரண்டு நடை என்றால், சுமந்து சென்று, வெறுங்கையோடு திரும்பி, மீண்டும் சுமந்து செல்வது. ஆக மும்மடங்கு தூரம். இரு சுமைவழிகளும் சேர்ந்து 830 மீட்டர், மும்மடங்கு 2,490, திரும்பி வருவதையும் கூட்டினால் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். கெவ்லார் என்னும் இலேசான இழையால் ஆன தோணி ஏறக்குறைய இருபது கிலோ எடை. அதன் நடுவே குறுக்காக ஒரு நுகத்தடி பொருத்தியிருப்பார்கள். தோணியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நுகத்தைத் தோள்களில் ஏற்றிக்கொண்டு ஒருவர் தனியே நடக்கலாம். இது இன்றைய சௌகரியம். அல்கொன்கின் முதலான அம்மண்ணின் மக்கள் பூர்ச்ச மரப்பட்டையைத் தளிராசு மர வேரால் தைத்து, அம்மரத்தின் பிசினால் இணைப்பை அடைத்து, தோணி செய்தார்கள். காட்டிலேயே கிடைக்கும் பொருள். உடைந்தால் காட்டிலேயே செப்பனிடலாம். தோளில் ஏற்றிச் செல்லவும் இலேசு. பின்னர் வந்த பிரெஞ்சு மென்மயிர் வணிகர்கள் அதையே கைக்கொண்டார்கள். அவர்களது கூலித் துடுப்பாளிகள் தலா 41 கிலோ கொண்ட இரண்டு பொதிகளை, நெற்றியில் பட்டை கட்டி முதுகில் தாங்கி, சுமைவழி நெடுகக் கொண்டு சென்றனர். நம் ஊர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்த பெரியவர்களைக் கண்ட நமக்கு அவர்கள் கழுத்து நரம்பு எப்படிப் புடைத்திருக்கும் என்பது தெரியும். அப்பூங்கா இன்றும் அல்கொன்கின் மக்களின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்நிலத்தின்மீது அவர்கள் கோரும் உரிமை குறித்து 2016-இல் அரசுகளோடு கொள்கையளவிலான உடன்பாடு ஒன்று கையெழுத்தானது. விருந்தாளியாகச் செல்பவர் வீட்டுக்காரரின் பெயரையேனும் அறிந்துகொண்டு செல்வது நன்று.

தோணி சுமத்தல் நம் வரலாற்றுக்குப் புதிதா எனில், இல்லை. கலீஃபா முக்ததிர் அவர்கள் வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் அரசரிடம் அனுப்பிய தூதுக்குழுவில் இப்னு ஃபள்லான் என்பார் சென்றார். பக்தாதிலிருந்து ஹிஜ்ரி 309-இல், அதாவது கி.பி. 921-இல் புறப்பட்ட அவர் எழுதி வைத்த ரிஸாலாவை ஆலிம்களில் பலர் அறிவர். வழியில் குறுக்கிடும் ஆறுகளைக் கடப்பதற்காக அக்குழுவினர் ஒட்டகத் தோலால் மடக்குத் தோணிகள் செய்து உடன் கொண்டு போயினர். ஆற்றங்கரையில் அவற்றை விரித்து, உடைகளையும் சரக்குகளையும் உள்ளே நிரப்பி, நாலைந்து பேராக ஏறி, பூர்ச்ச மரக் கழிகளைத் துடுப்பாகக் கொண்டு தள்ளினார்களாம். தோணியோ சுழன்று சுழன்று போனதாம். மரம் அதே பூர்ச்சமரம்! அதுபோல ஹிஜ்ரி 857-இல், அதாவது 1453 ஏப்ரலில், சுல்தான் இரண்டாம் முஹம்மது அவர்கள் ஏறத்தாழ எழுபது கலங்களைக் கொழுப்புத் தடவிய மரங்களின்மீது ஏற்றி, கலாட்டாக் குன்றைக் கடத்தி, கொன்ஸ்தாந்திநோபிளின் உள்வளைகுடாவில் இறக்கியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இதைத் தம்பி மகனிடம் சொன்னபோது, "எத்தனை நடை போனாங்க?" என்று கேட்டான். அவன் அக்கறை அவனுக்கு.

இனி, மார்க்க விஷயங்கள். முதலாவது கிப்லா. மேற்கே திரும்பினால் கிப்லா என்று நாம் பிறந்தது முதல் பழகிவிட்டோம். அங்கிருந்து மக்காவுக்கு நேர்திசை வடகிழக்கு: உண்மை வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 55 பாகை. ஆனால் காந்த ஊசி காட்டும் வடக்கு அவ்விடத்தில் உண்மை வடக்குக்கு மேற்கே சுமார் 11 பாகை விலகி நிற்கிறது. ஆகவே திசைகாட்டியில் 66-ஐ ஒட்டிப் பார்க்கவேண்டும். இதைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்; காட்டுக்குள் கைப்பேசி பெரும்பாலும் உதவாதாம்.

இரண்டாவது, நேரம். ஜூன் மாதம் சென்றால் இரவு மிகக் குறுகியது. செவ்வானத்தை அடுத்த வெண்மையும் மறைந்து இருள் முழுதாக நள்ளிரவை நெருங்கிவிடும். இப்னு ஃபள்லானும் பல்கார் நாட்டில் தம் கூடாரத்தில் தையற்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டு இஷாவின் பாங்குக்காகக் காத்திருக்க, பாங்கு கேட்டு வெளியே வந்து பார்த்தால் வெளுத்துவிட்டிருந்தது. அது ஃபஜ்ருடைய பாங்கு. அங்கே மஃரிபுடன் இஷாவைச் சேர்த்தே தொழுது வந்தார்களாம். நாம் ஆகஸ்டுக் கடைசியைத் தேர்ந்ததற்கு இது ஒரு காரணம். அப்போது எட்டு மணி அளவில் சூரியன் மறைந்துவிடும். மே, ஜூன் மாதங்களில் மொய்க்கும் கரிய கடி ஈக்கள் அதற்குள் ஓய்ந்திருக்கும் என்பது அவன் சொன்ன காரணம். டொராண்டோவிலிருந்து பூங்கா இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே ஷாஃபிஈ மத்ஹபின்படி கஸ்ருக்கும் ஜம்உக்கும் தடையில்லை. ளுஹரையும் அஸரையும் சேர்த்துக் கரையில் தொழுதுகொள்ளலாம். தோணியில் தொழ நேர்ந்தால், நின்றால் கவிழும் அச்சமிருப்பின் உட்கார்ந்து தொழலாம் என்றும், கலம் திரும்பினால் தொழுபவர் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும் என்றும் ஃபிக்ஹு கிதாபுகளில் பாடம் நடத்தியிருக்கிறோம். முப்பது ஆண்டுகளாக நடத்திய பாடம். காற்றடிக்கும் ஏரியில் ஒரு தோணி எத்தனை முறை திரும்பும் என்பதை இனித்தான் பார்க்கவேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு விசித்திரம். இரண்டு குல்லத் அளவு, அதாவது ஏறத்தாழ இருநூறு லிட்டர் இருந்தாலே நிறமும் மணமும் சுவையும் மாறாதவரை தண்ணீர் அசுத்தமாகாது என்பது நம் மத்ஹபு. மைல் கணக்கில் பரந்த ஏரிக்கு ஐயமே இல்லை. உளூவுக்கும் குளிப்புக்கும் உகந்தது. ஆனால் அதைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்கிறான் அவன். நீரெலி வகைப் பிராணிகளின் கழிவால் வயிற்றைக் கலக்கும் நுண்ணுயிர் அதில் இருக்குமாம். நன்கு கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் அருந்தவேண்டும். தஹாரத் வேறு, ஆரோக்கியம் வேறு என்று மாணவர்க்கு இனி விளக்க நமக்கு நல்ல உதாரணம் கிடைத்தது. முகாமுக்குப் பின்னே மரப்பெட்டிக் கழிப்பிடம் உண்டு. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் கரையிலிருந்து நன்கு தள்ளி என்பது பூங்கா விதி. நீர்த்துறையிலும் வழியிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்ததை ஓதியவர்களுக்கு இவ்விதியை விளக்கவும் வேண்டுமோ?

உணவு விஷயத்தில்தான் முதல் சச்சரவு எழுந்தது. தகர டப்பாவையும் கண்ணாடிப் புட்டியையும் காட்டுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது. அரிசி, பருப்பு, ரவை, பேரீச்சம்பழம், உப்புக்கண்டம். இவற்றோடு தம்பியின் மனைவி ஆசையாகக் கருவாடும் மாசியும் பொட்டலம் கட்டுவதாகச் சொல்ல, மகன் கண்டிப்பாக மறுத்துவிட்டான். அங்கே கருங்கரடிகள் உண்டு. அவற்றின் மூக்கு நம் மூக்கு அல்ல. உணவை எல்லாம் ஒரே பையிலோ பீப்பாயிலோ இட்டு, இரவில் கூடாரத்துக்கு எட்ட, கரடி எட்டிப் பிடிக்க இயலாத உயரத்தில் மரக்கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிடவேண்டும். பற்பசைகூட அதற்குள்தான் போகவேண்டுமாம். அப்படியிருக்கக் கருவாடா? தம்பி, "கருவாடு இல்லாம நாலு நாளா?" என்று முணுமுணுத்தார். நாமோ அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரை நோக்கிச் சென்ற முந்நூறு ஸஹாபிகளை நினைவூட்டினோம்: உணவு குறைந்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகி, பின்பு இலைகளை உண்டு, முடிவில் கரையொதுங்கிய மாபெரும் மீனை அல்லாஹ் அவர்களுக்கு அருளினான்.

மீன் பிடிப்பதற்கு அரசின் உரிமச்சீட்டு வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். உயிருள்ள சிறுமீனைத் தூண்டில் இரையாக்குவது அப்பூங்காவில் தடுக்கப்பட்டுள்ளது. உலோகத் தகட்டு இரைகளே போதும். ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் கோடையில் ஏரியின் ஆழத்துக்கு இறங்கிவிடும். பாஸ் என்னும் மீன் கரையோரப் பாறைகளிடையே கிடைக்கும். பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவதே மீன்வளம் காக்கும் முறை என்பது அவன் கற்ற பாடம். உண்ணும் எண்ணமின்றி வேடிக்கைக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை ஏற்றுவது நம் உள்ளத்துக்கு ஒப்பவில்லை. உயிருள்ளதை விளையாட்டு இலக்காக்காதீர் என்ற தடையின் கருத்து இதையும் தொடுகிறது என்பது நம் எண்ணம். நெடுநேரம் வாதிட்டோம். முடிவில், அன்றைய சோற்றுக்கு வேண்டிய மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது என்று அவனே ஒரு வழி சொன்னான். விதித்த எண்ணிக்கைக்கு மிகாமல் என்றும் சேர்த்துக்கொண்டான். ஒரு நல்ல மாணவன் கொடுக்கும் விடை இப்படித்தான் இருக்கும்.

ஆனால் இவையாவும் சிறியவை. பெரியது வேறு. மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. யார் அமீர்? வயதிலும் கல்வியிலும் மூத்தவர் என்று தம்பி நம்மைச் சொன்னார். நாம் மறுத்தோம். தமிழில் 'மாலுமி' என்கிறோமே, அது 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். ஆசிரியரையும், கலத்துக்கு வழிகாட்டுபவரையும் அரபியர் அப்பெயராலேயே அழைத்தனர். கரையில் நாம் முஅல்லிம். ஏரியில் அவனே மாலுமி. அத்தோணியில் சுக்கான் கிடையாது. பின்னால் அமர்பவரின் துடுப்பே சுக்கான். முன்னால் அமர்பவர் பின்னாலிருப்பவரைக் காணமுடியாது. குரலைக் கேட்டு வலமோ இடமோ தள்ளவேண்டும். மூவர் ஒரே தோணியில் செல்வதாகத் திட்டம். பின்னிருக்கை மகனுக்கு, முன்னிருக்கை வாப்பாவுக்கு, நடுவில், சரக்குகளோடு சரக்காக, நாம்.

"காக்கா, அவன் சொல்லி நான் தண்ணி தள்ளணுமா?" என்றார் தம்பி. இரண்டு ஆண்டுகளாக மகனின் குரலுக்கு மறுமொழி கூறாதவர், அக்குரலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து அதன்படி நடக்கவேண்டும். அவருடைய கஷ்டம் நமக்குப் புரியாமலில்லை. உஸாமா இப்னு ஸைது (ரலி) அவர்களைப் பற்றி நினைவூட்டினோம். இருபது வயதளவே ஆன அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் பெரும் படைக்குத் தளபதியாக்கினார்கள். முதிய ஸஹாபிகள் பலர் அப்படையில் இருந்தனர். ஹிஜ்ரி 11-இல் அப்படை புறப்பட்டபோது, கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் நடந்தும் அவ்விளைஞர் வாகனத்தின்மீதும் சென்றார்கள். "தாங்கள் ஏறுங்கள், அல்லது நான் இறங்குகிறேன்" என்ற கருத்தில் உஸாமா வேண்ட, கலீஃபா இரண்டுக்கும் இணங்கவில்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. மறுக்கவும் இல்லை.

அமீரின் முதல் கட்டளை சுமைப்பங்கீடாக வந்தது. தோணியும் கூடாரப் பொதியும் தனக்கு, இரு நடையாக. உணவுப் பீப்பாயும் உடைப்பொதியும் நமக்கு. துடுப்புகள், தூண்டில், மிதவைச் சட்டைகள், நீர் இறைக்கும் குவளை, சட்டப்படி இருக்கவேண்டிய பதினைந்து மீட்டர் மிதவைக் கயிறு, ஊதல் ஆகியவை வாப்பாவுக்கு. அதுவும் ஒரே நடைதான், ஷைத்தானின் படிக்கட்டில் திரும்ப இறங்கவேண்டா. தொழிற்சாலையின் சிமெண்டுத் தரை தம்பியின் முழங்காலை எப்பொழுதோ தின்றுவிட்டது. அதை மகன் கவனித்திருக்கிறான். நமக்கு அது கண்ணில் நீரை வரவழைத்தது. தம்பிக்கோ கோபத்தை வரவழைத்தது. "என்னை நோயாளியாக்கிட்டான். கட்டுமரம் தூக்கின தோளு இது" என்று தொலைபேசியில் பொரிந்தார். கேட்டுக்கொண்டிருந்தோம்.

பத்து நாள் கழித்து அவரே அழைத்தார். ஊர் நலம், மழை, மதரஸாக் கூரை என்று ஏதேதோ விசாரித்துவிட்டு, "அந்த நுகத்தடி வெறும் மரமாமே. நல்ல துணி ரெண்டு சுத்து சுத்தணும் காக்கா, இல்லாட்டி அவன் தோளு உரிஞ்சுபோகும். நீங்க அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"அமீருக்குச் சொல்லவேண்டியதை நம்மிடம் ஏன் சொல்கிறீர்? பக்கத்து அறையில்தானே இருக்கிறார்?" என்றோம்.

சற்று நேரம் ஓசையில்லை. பின்பு அவர் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கதவு திறந்தது. துணியா, பஞ்சு மெத்தையா, எங்கே கட்டுவது, எவ்வளவு அகலம் என்று பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாகப் பேச்சு நீண்டது. தொலைபேசி இணைப்பில் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் நமக்கு விளங்காத சொற்கள் பல வந்தன. மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு, இணைப்பைத் துண்டித்துப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டோம்.